தீப மையும் கொல்லி அணுக்களும்

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், இயற்கைக் கொல்லி அணுக்கள் நகர்வதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். இரத்தத்தில் சுற்றும் காவல் அணுக்கள் அவை. கெட்டுப்போன அணுவைக் கண்டால் கொன்றுவிடும். ஆனால் சும்மா போய் நிற்காது. நோயுள்ள இடத்திலிருந்து கீமோகைன் என்ற மூலக்கூறுகள் கசிந்து வர வேண்டும். அது எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் அணுக்கள் ஊர்ந்து போகும். பெரிய படிப்பு!

என் அக்கா அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருந்தாள். ஆடியிலேயே மார்பில் கட்டி வந்திருக்கிறது. அம்மாவிடம் மட்டும் காட்டியிருக்கிறாள். எனக்குக் கீழ்பென்னாத்தூரில் வரன் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"வெளிய தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னுடும். தீப மை வரட்டும், தடவினா கரைஞ்சிடும்" என்று அம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு மலை உச்சியில் எரியும் கொப்பரையில் படிகிற மை அது. மார்கழியில் ஆருத்ரா தரிசனம் முடிந்துதான் கைக்கு வரும். நெற்றியில் இட்டுக்கொள்கிற பிரசாதம். அதற்காக ஒரு கட்டி காத்திருந்தது.

தீபத்துக்கு நானும் போயிருந்தேனே! அவள் கடையில் உட்கார்ந்து வடை தின்றேன். "எப்படிக்கா இருக்க?" என்று கேட்டேன். "எனக்கென்ன, வியாபாரம்தான் ஜாஸ்தி" என்றாள் பாவி. பொங்கலுக்குப் போனபோதுதான் அவள் ரவிக்கையில் மையின் கருப்புக் கறையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு அம்மாவை நான் பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பெண் அதிகம் படித்தவள் என்று அந்த வரன்காரர்கள் ஐப்பசியிலேயே கழன்றுகொண்டார்கள். அப்புறமும் அம்மா வாயைத் திறக்கவில்லை. அடுத்த வரன் வருமாம்.

சோதித்துப் பார்த்தபோது எலும்புவரை பரவியிருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அக்கா கேட்டாள்: "நீ படிக்கிறியே அந்தக் கொல்லி, அதுங்க என்னதான் பண்ணிக்கிட்டிருந்துச்சுங்க?"

"நிறையக் கட்டியில ஓரத்துலயே நின்னுடும்க்கா. கட்டியே ஏதாவது ஒண்ணைச் சுரந்து, கூப்பிடறத அமுக்கிடும். கூப்பிடலன்னா அதுங்க எப்படி வரும்?"

அக்கா சுவரைப் பார்த்தாள். "அப்ப அந்தக் கட்டியும் நம்ம அம்மா மாதிரிதான்னு சொல்லு."

அம்மா அங்கேதான், காலடியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பிலிருந்து மைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஆத்திரத்தில் தட்டிவிடத்தான் எழுந்தேன். அதற்குள் அக்கா நெற்றியைக் காட்டினாள்.

"வெச்சு விடும்மா."