கண்ணு என்று கூப்பிட்டால்

செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் பெஞ்சமினுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லமாட்டார் என்று அர்த்தமில்லை. சொல்வார், மாட்டிக்கொள்வார். மகள் சிநேகாவைச் சாதாரணமாக ‘ஏ பாப்பா’ என்பார், கோபம் வந்தால் ‘கழுதை’. பொய் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கி, ‘கண்ணு’ வந்துவிடும். அவள் பிளஸ் டூ படிக்கையில் அம்மா மேரியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். “அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல கண்ணு, நாளைக்கு வூட்டுக்கு வந்துடும்” என்றார். மறுநாள் அம்மா வந்தாள், வெள்ளைத்துணி போர்த்தி. அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே பொய் என்று சிநேகாவுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது அவள் விமான மெக்கானிக். “பொண்ணு பிளேன் ஓட்டுதாமே?” என்று கேட்பவர்களிடம், “ஓட்டல, ஓட்டுறவன் உயிரோட வர்றதுக்கு வேல பாக்குது” என்பார் பெஞ்சமின். தினமும் மின்சார ரயிலில் மீனம்பாக்கம் பக்கத்தில், விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்குப் போய்வருவாள். ஒப்பந்த ஆட்கள் சொந்த டூல்பாக்ஸ்தான் கொண்டுவர வேண்டும். அவளுடைய பெட்டியில் ஸ்பானர், பிளேயர், சின்னக் கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்பாஞ்சில் அதனதன் வடிவத்தில் குழி வெட்டியிருக்கும். ஒன்று குறைந்தாலும் பல் விழுந்த வாய் போல இளிக்கும். அதில் உள்ளங்கைக்குள் அடங்கும், மஞ்சள் பிடி போட்ட குட்டை ஸ்க்ரூடிரைவர் மேல் பெஞ்சமினுக்கு ஒரு கண். ஆட்டோ கார்பரேட்டருக்கு அதுதான் சரி என்று கேட்காமல் எடுத்துவிடுவார். இதற்காக வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு நாள் மதியம், சின்ன விமானம் ஒன்றின் வேலையை முடித்து மூடிகளையெல்லாம் பூட்டிய பிறகு பெட்டியைத் திறந்தாள். குட்டை ஸ்க்ரூடிரைவர் குழி காலி.

“காலையில எண்ணினியா?” என்றார் பொறுப்பாளர் பக்தவத்சலம்.

“இல்ல சார். ரயில் லேட்டு. எண்ணாமலே கையெழுத்துப் போட்டுட்டேன். எங்கப்பா அப்பப்ப அத எடுப்பாரு.”

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வெளியே ஒன்பது பயணிகள் பெட்டி படுக்கையோடு காத்திருந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் வீட்டிலும் இருக்கலாம், விமானத்தின் வயிற்றுக்குள்ளும் இருக்கலாம். உள்ளே இருந்தால், வானத்தில் அது எங்கே உருண்டு எதில் சிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

“அப்பாவுக்கு ஃபோன் போடு. ஸ்பீக்கர்ல போடு” என்றார்.

போட்டாள். “நைனா, என் குட்டை ஸ்க்ரூடிரைவர நீ எடுத்தியா?”

அந்தப் பக்கம் ஆட்டோ இரைச்சல். மகளின் குரல் நடுங்கியது அவருக்குக் கேட்டிருக்கும். பின்னால் பக்தவத்சலம், “அவருகிட்ட இல்லன்னா பிளேன் நிக்கும், இவ வேலையும் போகும்” என்று முனகியதும் கேட்டிருக்கும்.

“ஆமா, நான்தான் எடுத்தேன்” என்றார் பெஞ்சமின். “வண்டியிலதான் கீது. நீ பயப்படாத கண்ணு.”

பக்தவத்சலம் பெருமூச்சு விட்டார். “அப்பாடா! கையெழுத்துப் போடும்மா, வண்டி கிளம்பட்டும்.”

சிநேகா பேனாவை எடுக்கவில்லை. போட்டால் அவளும் தப்பித்தாள், பக்தவத்சலமும் தப்பித்தார். “போடமாட்டேன் சார். எங்கப்பா பொய் சொல்றாரு.”

“பெத்த அப்பன பொய்யன்னு சொல்ற! எப்டிம்மா தெரியும்?”

என்னவென்று சொல்வாள்? ‘கண்ணு’ என்றார், அதனால் என்றா? “தெரியும் சார். பொய்தான் சொல்றாரு” என்றாள் மறுபடி. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அப்புறம்தான் கவனித்தாள், ஃபோன் இன்னும் கட் ஆகவில்லை. அவள் பார்க்கும்போதே கட் ஆனது.

பூட்டிய மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வால் பக்கம் இல்லை. இறக்கைக்குள் இல்லை. பயணிகளின் சத்தம் ஹேங்கர் வரை கேட்டது. பக்தவத்சலம் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒருவேளை நைனா உண்மையைத்தான் சொன்னாரோ? வீணாக அவர் மானத்தையும் வாங்கி, என் பிழைப்பிலும் மண்ணைப் போட்டுக்கொண்டேனோ? அடுத்த மூடியைக் கழற்றினாள்.

கடைசியாக பைலட் சீட்டுக்குக் கீழே தரையைத் திறந்தார்கள். டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்டுப் பார்த்தாள். வாலை அசைக்கும் கேபிள் ஓடும் சக்கரத்தை ஒட்டி ஒரு மஞ்சள் பிடி தெரிந்தது. இன்னும் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தால் சக்கரத்தில் மாட்டியிருக்கும். பக்தவத்சலம் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பாராட்டு விழா ஒன்றும் நடக்கவில்லை. அதை அங்கே விட்டவளே அவள்தானே! எண்ணாமல் கையெழுத்துப் போட்டதற்கும் சேர்த்து, மூன்று மாதம் விமானத்தில் கைவைக்கக்கூடாது, ஸ்டோரில் உட்கார் என்றார்கள். வேலை தப்பியதே தம்பிரான் புண்ணியம்.

சாயங்காலம் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் பெஞ்சமின் ஆட்டோவோடு நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறியதும் கிளப்பினார்.

“நைனா, கெடச்சிடுச்சு. பிளேனுக்குள்ளதான் இருந்துச்சு.”

“ம்.”

“நீ சொன்னத நம்பியிருந்தா ஒம்போது பேரு, பைலட்டு...”

“எனக்கு இன்னா தெரியும்? உன் வேல போய்டக்கூடாதுன்னு வாயில வந்துச்சு” என்றார். ஆட்டோ கொளவாய் ஏரியைத் தாண்டியது. பிறகு மெதுவாக, “அம்மாம் பேரு எதிர்ல சொல்லிட்ட” என்றார்.

“தப்புதான் நைனா. ரொம்ப வருத்தமா கீதா?”

பெஞ்சமின் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். குரல் இறங்கியது.

“ச்சே! எனக்கு இன்னா வருத்தம்? அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு.”

சிநேகா பின்சீட்டிலிருந்து கைநீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.