கழற்றி வைத்த தெர்மோஸ்டாட்

எங்கள் ஊரில் பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவார்கள். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் மறித்து வைக்கும் சின்ன அடைப்பான் அது. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது எதற்கு என்பது அவர்கள் கணக்கு. ஒக்லண்டுக்கு வந்த முதல் கோடையில், ஒடாஹுஹு கடைத்தெருவில் எங்கள் கார் ஒருமுறை ஆவி கக்கியது. என் கணவருக்கு அது போதும். அன்றைக்கே கழற்றிவிட்டார். நல்லகாலம், எதையும் எறிய மனம் வராத மனுசன். பழைய ஆணிகளோடு ஜாம் போத்தலில் போட்டு வைத்தார்.

குளிர்காலம் வந்ததும், அது இல்லாமல் எஞ்சின் சூடேறாததால் கார் ஹீற்றரில் குளிர்காற்றுத்தான் வந்தது. அவர் குல்லாவும் கையுறையும் போட்டுக்கொண்டு விரி என்கிற இடத்துக்கு வேலைக்குப் போனார்.

"அதைத் திருப்பிப் பூட்டுங்கோவன்" என்றேன்.

"குளிருக்குக் குளிரத்தானே செய்யும்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வயிற்றுப் பிள்ளையோடு சண்டை பிடிக்கத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன்.

பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நான் மட்டும் வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தேன். எங்கள் முதல் பிள்ளையை ஊரில் பறிகொடுத்திருந்தோம். அதன் கால்கள் குளிர்ந்து கிடந்ததை இருவரும் தொட்டுப் பார்த்தவர்கள். அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

கடைசியில், வருகிற திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார் நர்ஸ். குளிர் மட்டும் படக்கூடாதாம். "உங்கள் காரில் ஹீற்றர் வேலை செய்கிறதா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை என் கணவர் ஜாம் போத்தலைக் கவிழ்த்தார். தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணீரில் போட்டு, அது வாய் திறக்கிறதா என்று பார்த்தார். திறந்தது. தண்ணீர் கசியாமல் இருக்கக் கோர்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி மட்டையை வெட்டி கஸ்கட் செய்து, அதைத் திருப்பிப் பூட்டினார். உறையாமல் இருக்கப் பச்சைநிறக் கூலன்ட்டைத் தண்ணீரில் கலந்தார். நான் புனலைப் பிடிக்க ஊற்றினார். நான் அவரைக் குத்திக்காட்டவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சநேரத்தில் என் கையைப் பிடித்து ஹீற்றருக்கு முன்னால் வைத்தார். சூடு வந்தது.

திங்கட்கிழமை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீற்றில் இருந்தேன். நாங்கள் குடியிருந்த த்ரீ கிங்ஸ் வரையும் கார் அடுப்படி போலச் சூடாக இருந்தது. வாடகை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அவர் போய்க் கதவைத் திறந்தார். உள்ளே போனவர் உடனே திரும்பி வந்து காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"என்னப்பா?"

"உள்ளுக்கு வெளியிலயும் பார்க்கக் குளிருது. சின்ன ஹீற்றரைப் போட்டிட்டு வந்திருக்கிறன். அறை சூடாகட்டும். அதுவரைக்கும் இதுக்குள்ளயே இருப்பம்."

அந்தப் பலகை வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகையாகத் தெரியும். காரைப் பார்த்தோமே தவிர, வீட்டைப் பற்றி இருவருக்கும் யோசனை வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அப்படியே இருந்தோம்.

கொஞ்சநேரத்தில் அவர் முன்சீற்றில் இருந்து திரும்பி, போர்வைக்குள் கையை விட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"சூடாக் கிடக்கு" என்றார். "இஞ்சரும், நீரும் தொட்டுப் பாரும்."