சாக்கு விரித்த கோழிப்பெட்டி

கல்யாணமாகி செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்தபோது ஜப்பான்காரன் ஆட்சி. பால்மரம் வெட்டும் வேலை நின்றுபோய், எல்லாரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். கரங்கானிலிருந்த என் அக்கா சீராகக் கொடுத்தது ஒரு செம்பட்டைக் கோழி. காலைக் கட்டிக் கையில் கொடுத்து, "இத வச்சுப் பொழச்சுக்க" என்றாள்.

கோழி அடைக்கு உட்கார்ந்ததும் ஒன்பது முட்டை வைத்தேன். அதிலிருந்து குஞ்சுகள் வந்தால்தான் உண்டு. வேறு கோழி வாங்க எங்களுக்கு வழியில்லை.

வெளியே விட்டால் மூசாங் என்கிற மரநாய் தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு கால் மூசாங்கும் லயத்தில் இருந்தது. அதனால் என் வீட்டுக்காரர் ரப்பர் பெட்டிப் பலகைகளைப் பொறுக்கி வந்து ஒரு கூண்டு அடித்தார். விரல் நுழையவும் இடமில்லை. இடுக்குகளில் சாக்குத் துண்டைத் திணித்து, அடியிலும் சாக்கு விரித்தார். அது அவருக்குக் கால்சட்டை தைக்க வைத்திருந்த சாக்கு. அந்தக் காலத்தில் சாக்கின் அருமை உடுத்தியவர்களுக்குத் தெரியும். "கோழி மெத்துன்னு படுக்கட்டும்" என்றார். எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை.

பெட்டியை எங்கள் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டோம்.

பத்து நாளில் இருவருக்கும் உடம்பெல்லாம் அரிப்பு. அப்போது வீட்டுக்கு வீடு சிரங்கு. எங்களுக்கும் அதுதான் என்று வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா தங்கச்சி, ரெண்டு பேரும் மஞ்ச பூசிக்கிட்டு நிக்கிறீங்க? மறுபடியும் கல்யாணமா?"

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. உள்ளே போய்விட்டேன்.

அதற்குள் கோழியின் கொண்டை வெளுத்துவிட்டது. அடிக்கடி முட்டையை விட்டு எழுந்து நின்றது. அடுத்த வீட்டு அக்கா அதைத் தூக்கி எடை பார்த்தார்.

"நெஞ்சு எலும்பு குத்துது. இன்னிக்கே அறுத்துடு. நாளைக்கு வச்சா கொழம்புக்குக்கூட ஆவாது."

மனம் வரவில்லை. கோழியை இறக்கிவிட்டு முட்டைகளைத் தொட்டுப் பார்க்கச் சாக்கில் கை வைத்தேன். சாம்பல் தூசி மாதிரி ஏதோ என் மணிக்கட்டில் ஏறியது. நசுக்கினேன். இரத்தம். சாக்கின் மடிப்பைப் பிரித்தால், பலகை இடுக்கெல்லாம் செள்ளுப்பூச்சி. பகலில் அங்கே ஒளிந்திருந்து, இருட்டியதும் கோழியின் இரத்தத்தைக் குடித்து, மிச்சத்துக்கு எங்களிடம் வந்திருக்கிறது. காற்றும் வெயிலும் புகாத இடம் அதற்கு எவ்வளவு வசதி!

மரவள்ளிக் காட்டிலிருந்து அவர் வந்தார். எப்படிச் சொல்வது? கோழி நன்றாக இருக்கட்டும் என்றுதானே அவ்வளவு பாடுபட்டார். தண்ணீர் கொடுத்தேன். இன்னொரு முறையும் கொடுத்தேன்.

"என்னா புள்ள, குளிக்கவா ஊத்துற? சொல்லு."

"அந்தச் சாக்கப் பாருங்க."

பார்த்தார். பலகை இடுக்கையும் விரலால் தடவினார். பிறகு, "கோழிக்கு வீடு கட்டுறேன்னு செள்ளுக்குல்ல பங்களா கட்டியிருக்கேன்!" என்றார். சிரித்தாலும் முகம் வாடியிருந்தது.

சாக்கை எரித்தோம். ஒன்று விட்டு ஒன்றாகப் பலகையைப் பிடுங்கி, மீதியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவைத்தார். கோழியின் இறகுக்குள் நான் அடுப்புச் சாம்பலைத் தேய்த்தேன். பழைய கூடை ஒன்றில் சாம்பலும் காய்ந்த புல்லும் போட்டு, முட்டைகளை மாற்றி, கூரைக் கம்பில் காற்றாடத் தொங்கவிட்டோம். கோழியை உள்ளே வைத்தால் குதித்து இறங்கியது. மறுபடி வைத்தோம், மறுபடி இறங்கியது. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என் கையாலயே கெடுத்துட்டேன்" என்றார்.

"நீங்களா செள்ளக் கூப்பிட்டீங்க?" என்றேன். அவரிடம் நான் அதட்டிப் பேசிய முதல் பேச்சு அது.

மூன்றாவது முறை வைத்தபோது கோழி இறங்கவில்லை. அலகால் ஒரு முட்டையை உருட்டிவிட்டு, இறகை விரித்து அமர்ந்தது. நாங்கள் மூச்சுவிடவும் பயந்தோம்.

ஐந்து பொரித்தன, நான்கு கூமுட்டையாகிவிட்டன. அன்று வெந்த மரவள்ளியில் தன் பங்கைக் கிள்ளி, ஊதி ஊதி ஆற்றி, ஐந்துக்கும் அவரே வைத்தார்.