முந்தின நாளே சொல்லியிருக்கலாம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். கையெழுத்து நன்றாக இருக்கும். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கையெழுத்தில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் நான் பொய் எழுதினேன். அதைச் சபையில் வைத்து உடைத்தவன் என் நண்பன். அவன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தபோது பழக்கம். அவனுக்குக் கடம்பத்தூர் பக்கம், சொந்தத்தில் நெல் நிலம் உள்ள வீடு. எங்கள் வீட்டில் நைனாவும் அம்மாவும் அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்து வந்தவர்கள். பிறகுதான் நைனா காக்களூரில் ஒரு கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனார். அவன் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நைனா கட்டிலை விட்டு எழுந்து நின்று, "வாங்க தம்பி, குந்துங்க" என்றார். அவன் உட்காரவில்லை.

"நீங்க குந்துங்க முதல்ல. என்ன வா போன்னு கூப்டுங்க. இல்லாட்டி நான் இப்டியே போய்க்கினே இருப்பேன்."

நைனா தயங்கித் தயங்கி, "வாப்பா" என்றார். அதன் பிறகுதான் அவன் தரையில் உட்கார்ந்து அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டான். அன்றைக்கு அவன்மேல் எனக்கு வந்த மரியாதை சாதாரணமானதில்லை.

படிப்பு முடிந்து இருவரும் தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனியில் டிரெயினியாகச் சேர்ந்தோம். கார்களுக்கான இரும்புப் பின்கள் செய்யும் கம்பெனி. திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறினால் ஒரே சீட்டில்தான் போவோம். உள்ளேயும் பக்கத்துப் பக்கத்து மெஷின். இரண்டு வருடம் முடிந்ததும் டிரெயினிகளில் சிலரைத்தான் பர்மனென்ட் ஆக்குவார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டும். எங்கள் தெருவில் கான்ட்ராக்ட் இல்லாத வேலை யாருக்கும் இருந்ததில்லை.

மெஷினில் ஒரு அட்டை தொங்கும். மணிக்கு ஒரு தடவை ஐந்து பின்களை எடுத்து, மைக்ரோமீட்டரில் தடிமனை அளந்து, கட்டங்களில் எழுத வேண்டும். யாரும் அப்படிச் செய்வதில்லை. டார்கெட் ஓடும்போது மணிக்கு மணி நின்று அளந்தால் எண்ணிக்கை குறையும். அதனால் ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவோம். அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது. கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்க வேண்டும். நடுவில் பேனாவை மாற்ற வேண்டும். எழுதி முடித்ததும் எண்ணெய்க் கையால் அட்டையின் ஓரத்தை இரண்டு மூன்று இடத்தில் தொட வேண்டும். அப்போதுதான் நாள் முழுக்கப் புழங்கிய அட்டை மாதிரி இருக்கும். இதில் நான் கெட்டிக்காரன். "டேய், உன் அட்டய பாத்தா மெஷினே நம்பிடும்டா" என்று சூப்பர்வைசரே சிரிப்பார். மற்ற மெஷின்காரர்கள்கூட என்னிடம் எழுதி வாங்கினார்கள். எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

அவன் மட்டும் அளப்பான். அளக்க முடியாமல் போன மணிக்குக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவான். சூப்பர்வைசர் அவனிடம் தினமும் கத்துவார்.

"இன்னாடா இது, பல்லு வுழுந்த வாயாட்டம்? ரெண்டு நம்பர் போட்டா கையி தேஞ்சிடுமா?"

"அளக்கல சார். அளக்காதத எப்டி எழுதறது?"

"ஆமா, இவுரு பெரிய ஜட்ஜி. உன் தோஸ்து கிட்ட போயி கத்துக்கினு வா."

அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பானே தவிர ஒரு நாளும் எனக்குப் புத்தி சொன்னதில்லை. அதனால் அவனுடைய நேர்மை அவனோடு, நம்மைத் தொடாது என்று நினைத்துக்கொண்டேன்.

டிரெயினிங் முடிய இரண்டு மாதம் இருந்தது. என் மெஷினின் மைக்ரோமீட்டரைச் சரிபார்க்க வெளியே அனுப்பினார்கள். மூன்று நாள் என்னிடம் கருவி இல்லை. முதல் நாள் காலையிலேயே அவன் தன்னுடையதை நீட்டி, "இந்தாடா, ரெண்டு பேரும் வெச்சிக்கலாம்" என்றான். "அப்பால வாங்கிக்கிறேன்" என்றேன். வாங்கவில்லை. வழக்கம்போல எழுதினேன். கருவியின் எண் எழுதும் இடத்தில்கூட, பழைய அட்டையைப் பார்த்து, கம்பெனியிலேயே இல்லாத என் கருவியின் எண்ணைப் போட்டு வைத்தேன்.

அந்த மூன்று நாளில் ஓடிய பின்கள் தடித்துப் போயிருந்தன. வாங்கிய கம்பெனி மொத்தத்தையும் திருப்பி அனுப்பியது. அவர்களுடைய ஆள் ஒருவர் விசாரிக்க வருகிறார், அட்டைகளைப் பார்ப்பார், ஷிப்டில் இருந்தவர்களைக் கேட்பார் என்று தகவல் வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் அவனிடம் பேசினேன்.

"மச்சி, நான் அளந்தேன்னுதான் சொல்லப் போறேன். உன்ன கேட்டா நீ பொய் சொல்ல வேணாம். என் வேலய பாத்துக்கினு இருந்தேன், கவனிக்கலன்னு சொல்லு. அது போதும்."

அவன் காலால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா?"

"பஸ் வந்துச்சு பாரு" என்றான்.

பஸ்ஸில் ஏறினோம். எப்போதும்போல ஒரே சீட்டு. இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். சரி என்று சொல்லிவிட்டான் என்றே எடுத்துக்கொண்டேன். நண்பனின் மௌனத்தை வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மறுநாள் கான்பரன்ஸ் ரூமில் மேனேஜர், சூப்பர்வைசர், விசாரிக்க வந்தவர் மூவரும் இருந்தார்கள். எங்கள் இருவரையும் நிற்க வைத்தார்கள். வந்தவர் என் அட்டைகளை மேசையில் விரித்திருந்தார். "நீட்டா எழுதியிருக்கீங்க. மணிக்கு மணி அளந்தீங்களா?"

"அளந்தேன் சார்."

"மூணு நாளும்?"

"மூணு நாளும் சார்."

அவர் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்து மெஷின்தானே. இவர் அளந்ததப் பாத்தீங்களா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "அவன் மெஷின்ல மைக்ரோமீட்டரே இல்ல சார். வெளிய போயிருந்துச்சு. மூணு நாளும் என்னோடது என் கிட்டதான் இருந்துச்சு. அவன் அளக்கல."

"இங்க மத்தவங்களும் அளக்கறதில்ல சார். அப்டிதான் எழுதச் சொல்றாங்க" என்றும் சொன்னான். சூப்பர்வைசர் உடனே, "யாரு சொன்னது? நான் சொன்னனா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் அட்டைகளைப் பார்த்துச் சிரித்த அதே வாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது நான் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? அளந்தேன் என்று அரை நிமிடம் முன்னால்தான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

பர்மனென்ட் பட்டியல் வந்தபோது அவன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. கேன்டீனில் ஒருவன், "தோஸ்த மாட்டிவுட்டு சீட்டு புடிச்சிட்டான்யா" என்றான். அது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். பட்டியலுக்காகப் பேசுகிறவன் இல்லை அவன். ஆனாலும் நான் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பேச்சு அந்த நேரத்தில் எனக்கு இதமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். வீட்டில் நான் முழுக் கதையையும் சொல்லியிருக்கவில்லை. அம்மா வழக்கம்போல, "வாப்பா, நாஷ்டா துன்னியா?" என்று கேட்டாள். நான் அவனை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

"ரெஜிஸ்டர பாத்தாலே தெரிஞ்சிருக்கும்டா, மைக்ரோமீட்டர் வெளிய போனது" என்றான் அவன்.

"தெரிஞ்சிருக்கட்டும். ரெஜிஸ்டர் என் தோஸ்து இல்ல."

அவன் பைக் பக்கம் திரும்பினான்.

"நான் செஞ்சது தப்புதான், வுடு. முந்தின நாள் கேட்டன்ல, அப்பவே என்னால முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? நானே போயி ஒத்துக்கினு இருப்பேன். பொய் சொல்ல வுட்டு அப்பறம் வாயத் தொறந்த பாரு..."

"உன் மூஞ்சிய பாத்து சொல்ல முடியலடா."

"அவுங்க மூஞ்சிய பாத்து சொல்ல முடிஞ்சிச்சா?"

அவன் கண் கலங்கியது. பைக் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு போய்விட்டான். அம்மா, "ஏன், அந்தப் புள்ள துன்னாம போவுது?" என்று கேட்டாள்.

எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். அன்று அந்த அறையில் அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. தப்பான பின் ஒன்று காரில் போய் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவன் உண்மையை மறைத்தது ஒரே ஒரு ஆளிடம்தான், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என்னிடம். ஊருக்கெல்லாம் கொடுத்ததை எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. முந்தின நாளே சொல்லியிருந்தால் நான் நிஜமாகவே ஒத்துக்கொண்டிருப்பேனா என்று சில நாள் சந்தேகம் வரும். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் அவன் எடுத்துக்கொண்டான்.

நாலு மாதம் கழித்து காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். பத்து மெஷின், ஓனரே எல்லாம். சர்டிபிகேட்டைப் புரட்டிவிட்டு, "அங்க ஏன் பர்மனென்ட் பண்ணல?" என்றார். வழியெல்லாம் ஒரு பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அது வாயில் வரவில்லை. அளக்காமல் எழுதினேன், விசாரணையில் அளந்தேன் என்றும் சொன்னேன், பக்கத்து மெஷின் நண்பன் உண்மையைச் சொல்லிவிட்டான் என்றேன். சொல்லி முடித்ததும் எழுந்து போகத் தயாரானேன்.

ஓனர் நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தார். "உன்ன வுடுப்பா. எனக்கு அந்தப் பையன்தான் வேணும். அவன் நம்பர் இருக்கா?"

இல்லை என்றேன். என் போனில் இருந்தது; அழிக்கவும் மனம் வந்ததில்லை, கூப்பிடவும் மனம் வந்ததில்லை.

அவர் சர்டிபிகேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "சரி, நாளைக்கு காலைல எட்டு மணிக்கு வா. மைக்ரோமீட்டர் தர்றேன். ஒரு வாரம் அத மட்டும் புடி, மெஷின தொடாத" என்றார்.