மீன் தொட்டியின் சூடு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நடந்தது நடந்ததுதான். அன்று மாலை சிவகாமு பென்சிலால் குறித்து வைத்த நேரங்கள் இன்னமும் அந்த நோட்டில் இருக்கின்றன.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவள் வீடு. கணவர் ஞானசேகரன் டாக்டர். பட்டாளத்து வைத்தியராகப் பர்மா எல்லைக்குப் போனவர். சண்டைக்கு முன் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த பதினோரு வர்ண மீன்களை அவளிடம் விட்டுப் போயிருந்தார். தண்ணீர் பாரன்ஹீட் கணக்கில் எழுபத்தெட்டு டிகிரிக்குக் கீழே போனால் செத்துவிடும் ஜாதி. அதற்காகத் தொட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் ஹீட்டர். 1943 ஐப்பசியில் அவர் கடிதங்கள் நின்றன. மீன்கள் இருக்கும்வரை அவரும் இருப்பார்... யாரிடமும் சொல்லாமல் அவள் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்ட முடிச்சு அது.

அதே ஐப்பசியில் ஹீட்டரின் ரப்பர் மூடியில் வெடிப்பு விட்டது. கரண்டு வேலை பார்க்கும் சடையப்பன் வந்து பார்த்தான்.

"இதுக்கு வயசாயிடுச்சும்மா. தூக்கிப் போட்டுடுங்க. தண்ணி உள்ள எறங்குச்சுன்னா ஆளையே அடிச்சுடும்."

"புதுசு கிடைக்குமா?"

"சண்டை நடக்குதே, எங்கேருந்து வரும்? கை விடறதுக்கு முன்னாடி ப்ளக்கைப் புடுங்கிடுங்க. அத மட்டும் மறக்காதீங்க."

அவன் போனதும், வேலைக்கு வரும் கொளஞ்சியம்மாள் சிரித்தாள். "மீனுக்கு வெந்நி! எங்க வூட்டுக்காரரு மார்கழியிலயும் பச்சத் தண்ணிதான். இந்த ஓட்டைக்கா கவலப்படறீங்க? முதுநகர்ல படகு ஓட்டைய அடைக்கிற குங்கிலியப் பிசின் வாங்கியாறேன். கடலையே உள்ள வுடாது."

குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிச் சிவகாமுவே பூசினாள். அன்றிலிருந்து தண்ணீர் எழுபத்தெட்டிலேயே நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. எழுபது நாள்.

டிசம்பர் 28, செவ்வாய்க்கிழமை. மழை மூட்டம். கொளஞ்சியம்மாள் போய்விட்டாள். பாசி எடுக்க வேண்டும் என்று ஆறு மணிக்குச் சிவகாமு ப்ளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். கையை உள்ளே விட்டாள்.

சூடு. வெந்நீர்ச் சூடு இல்லை. தூங்குகிறவர் கழுத்தடியில் கை வைத்தால் இருக்குமே... அந்தச் சூடு.

தெர்மாமீட்டரைப் பார்த்தாள். தொண்ணூறு. ப்ளக் தரையில்தான் கிடந்தது.

தொண்ணூற்று நாலு... தொண்ணூற்றாறு...

மீன்கள் ஒவ்வொன்றாக வயிறு மேலே தெரிய மிதந்தன. குளிர்ந்த தண்ணீர் கொண்டுவர ஓட வேண்டும். முடியவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டப்-டப்... டப்-டப்...

மணி 6.10. தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு.

சத்தம் நின்றது.

பதினோரு மீன்களும் அசையவில்லை. அவள் நோட்டை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

7.10. தொண்ணூற்றேழு.

8.10. தொண்ணூற்றைந்தரை.

மணிக்கு ஒன்றரை டிகிரி. டாக்டர் பெண்டாட்டிக்கு அந்தக் கணக்குத் தெரியும். எந்த உடம்பு அப்படி ஆறும் என்றும் தெரியும்.

நோட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் சடையப்பன் ஹீட்டரை உடைத்துக் காட்டினான். உள்ளே கம்பி அறுந்து, பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"சூட்டுக்குக் குங்கிலியம் எளகிடும்மா. படகு குளுந்த தண்ணியில கெடக்கு, அதனால நிக்குது. நீங்க பூசுன மறுநாளே இது செத்துருக்கும்."

"ரெண்டு மாசமாத் தண்ணி சூடாத்தானே இருந்தது?"

"இதனால இல்லம்மா." அவன் தொட்டியைப் பார்த்தான். சாமான்களை அள்ளிக்கொண்டான். கூலி கூட வாங்காமல் போய்விட்டான்.

சண்டை முடிந்து பென்ஷன் காகிதம் வந்தது. 'காணாமல் போனவர்' என்றுதான் அதில் இருந்தது. இறந்த தேதி தெரிந்தால் எழுதும்படி ஓர் இடம் விட்டிருந்தார்கள். சிவகாமு அதில் தேதியை எழுதினாள். நேரத்தையும் எழுதினாள்.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவள் எழுதிய தேதியும் நேரமும் பட்டாளத்தில் ரகசியமாக வைத்திருந்த விவரமாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்கள்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"