இருநூறு கேபிக்குள் ஒரு நெருஞ்சிப்பூ

ஆரணியில் கோட்டை மைதானத்துக்குப் போகிற வழியில் சிவசங்கரி ஒரு ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறாள். பத்துக்குப் பத்து அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். வயது நாற்பத்து நான்கு. இதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பத்துக்கு மாப்பிள்ளைகளைச் சிவப்பாக்குகிற வேலை. அலுத்துப்போய்த்தான் தனிக்கடை போட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, போட்டோவைச் சுருக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அரசாங்கப் படிவம் ஐம்பது கேபி கேட்கும். ஜனங்கள் கொண்டுவரும் செல்போன் படமோ ஆறு எம்பி, எட்டு எம்பி. மற்ற இடங்களில் அதைப் பிழிந்தெடுத்தால் மூக்கும் வாயும் ஒன்றாகிவிடும். இவள் கையில் அதே ஐம்பது கேபியில் மச்சம் வரைக்கும் தெரியும். சந்தவாசலிலிருந்தும் தெள்ளாரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள் என்றால் சும்மாவா? 'படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர், டாகுமென்ட்டாக அனுப்பவும்' என்று சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஒருவராவது படிக்கவேண்டுமே! அவள் கத்தினால்தான் காதில் ஏறும்.

"வாட்ஸ்அப்பு பாதியைத் தின்னுட்டு மீதியைத்தாங்க குடுக்குது. எனக்கு முழுசா வேணும்."

இப்படிப்பட்டவள்தான் போன வருஷம் லீலா விஷயத்தில் கோட்டை விட்டாள்.

லீலா பட்டு நெய்கிறவள். வீட்டில் ஒரு கைத்தறி. டிசைனும் அவளே போடுவாள். நெருஞ்சிப்பூவைப் பார்த்து அரை அங்குலத்தில் ஒரு சரிகைப் புட்டா போட்டிருந்தாள். ஐந்து இதழ், நடுவில் ஒற்றை இழைச் சிவப்பு. புடவை முழுக்க அந்தப் பூதான். கைத்தறி டிசைன் போட்டி ஒன்றுக்கு அதை அனுப்ப வேண்டியிருந்தது. ஒரே படம், இருநூறு கேபிக்குள். லீலா புடவையைத் தறியோடு சேர்த்து எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள். நெசவுக்காரர் புத்தி அது. தறி தெரியாவிட்டால் விசைத்தறிப் புடவை என்று நினைத்துவிடுவார்களாம்.

அன்றைக்குக் கடையில் ஸ்காலர்ஷிப் கூட்டம். படத்தில் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் ஆயிரக்கணக்கில் ஓடியதால் அளவு இறங்குவேனா என்றது. சிவசங்கரி சுருக்கிச் சேமித்தாள். போதவில்லை. சுருக்கியதையே மறுபடி சுருக்கினாள். மூன்றாம் தடவை நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் ஏற்றிவிட்டாள்.

முடிவு வந்தபோது லீலாவின் பெயர் இல்லை. அப்புறம்தான் சிவசங்கரி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பூ ஒன்றுகூட இல்லை. சாம்பார் சிந்தின மாதிரி மஞ்சள் மஞ்சளாகத் திட்டு. லீலாவிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். கடைப் பெயர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வருஷம் கடைசித் தேதியன்று பகல் பன்னிரண்டு மணிக்கு லீலா வந்தாள். கையில் வேறு புடவை. மயிலும் அன்னமும், எல்லாக் கடையிலும் தொங்குகிற டிசைன்.

"இன்னா லீலா, உன் பூ எங்க?"

"அது வேணாம்க்கா. நல்லா இருந்திருந்தா போன வருஷமே எடுத்திருப்பாங்க இல்ல? எனக்கு டிசைன் போட வராது. எல்லாரும் நெய்யறதையே நெய்துகினு போறேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்! அழுதிருந்தாலாவது சிவசங்கரி சமாளித்திருப்பாள். பழைய படத்தைத் திறந்து திரையை லீலா பக்கம் திருப்பினாள்.

"பாரு, இதைத்தான் அனுப்பினேன். உன் பூவை அவங்க பார்க்கவே இல்லை. மூணு தடவை சுருக்கி நான்தான் நாசம் பண்ணேன். போன வருஷமே எனக்குத் தெரியும்."

லீலா திரையைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் பேசாம இருந்துகினியா? ஒரு வருஷமா என் மேல எனக்கே நம்பிக்கை இல்லாம கெடந்தேனே! தெருவுல பார்க்கும்போதெல்லாம் சிரிச்சியே!"

மயில் புடவையை வாரிக்கொண்டு போய்விட்டாள். சிவசங்கரிக்கு வேலை ஓடவில்லை. வந்தவாசிக்காரர் ஒருவரின் சான்றிதழைத் தலைகீழாக ஸ்கேன் பண்ணித் திட்டு வாங்கினாள்.

மூன்றரைக்கு லீலா திரும்பி வந்தாள். நெருஞ்சிப்பூப் புடவையை மேஜைமேல் வைத்தாள்.

"எடு. அஞ்சு மணிக்கு மூடிடுவான். ஜல்தி."

சிவசங்கரி வாசல் நிழலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தாள். "தறி வேணாம். பின்னாடி வெறும் வெள்ளையா இருந்தா கேபியெல்லாம் பூவுக்கே கிடைக்கும். கைத்தறின்னு காட்ட வேற இன்னா வழி இருக்குது?"

லீலா யோசித்துவிட்டு, புடவையின் ஓரத்தை மடித்து மேலே கொண்டுவந்தாள். கைத்தறியில் துணி சுருங்காமல் இருக்க அகலத்துக்கு ஒரு கழியை ஊசி வைத்துப் பொருத்துவார்கள். அந்த ஊசி குத்தின துளைகள் ஓரம் நெடுக வரிசையாக இருந்தன.

"நெசவு தெரிஞ்சவனுக்கு இது போதும்" என்றாள்.

செல்போனில் எடுத்த படத்தைக் கேபிள் வழியாகவே கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாத ஓரத்தை வெட்டினாள் சிவசங்கரி. நாலாயிரம் புள்ளி அகலத்தை ஆயிரத்து அறுநூறாக்கி, தரத்தை எண்பத்தைந்தில் வைத்துச் சேமித்தாள். இருநூற்றுப் பதினாறு. இந்தத் தடவை சுருக்கியதைத் தொடவில்லை. அசல் படத்துக்கே திரும்பிப் போய், அகலத்தை ஆயிரத்து நானூறாக்கினாள். நூற்று எண்பத்தொன்று.

"நீ பாரு. நீ சரின்னாத்தான் அனுப்புவேன்."

லீலா மவுஸைப் பிடித்து ஒவ்வொரு பூவாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். இதழ் ஐந்தும் தனித்தனியாக இருந்தன. சிவப்பு இழை இருந்தது. ஊசித்துளைகளைக்கூட எண்ணினாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொத்தானை அவளே அழுத்திவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. பரிசு இல்லை. கீழே நடுவர் குறிப்பு ஒன்று இருந்தது: பூவேலை மிக நுணுக்கம், முந்தியின் நிறம் பொருந்தவில்லை. முடிவு கேட்க வந்த லீலாவிடம் சிவசங்கரி அதை ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டினாள்.

லீலா சிரித்துவிட்டாள்.

"அந்த முந்தி கலர் எனக்கே உறுத்திகினுதான் இருந்துச்சு. மாத்தி நெய்யறேன். இந்த வாட்டி தோத்தது நான்தான்க்கா, உன் கம்ப்யூட்டர் இல்லை."