டிரம் சோறு

அந்தச் சோற்றில் ஒரு பருக்கை வாயில் கரையும். அடுத்தது பல்லில் கடிபடும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அப்படித்தான். தெலுங்குப் பக்கம், குஷாய்குடாவில் எங்கள் தெருவே பல மாதம் அதைத்தான் சாப்பிட்டது. காரணம் என் ஓரகத்தி.

என் கணவரும் அவர் அண்ணனும் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். மாதம் பிறந்தால் சம்பளம். அதே தெருவில் பாதிப் பேருக்குத் தனியார் பட்டறை ஒன்றில் வேலை. ஒருநாள் அந்தப் பட்டறையைப் பூட்டினார்கள். திறக்கிற வழியாகவே இல்லை. ஓரகத்தி கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறவள் அல்ல. தன் வீட்டுப் பின்னறையில் ஒரு தகர டிரம்மை வைத்தாள். சம்பளம் வருகிற வீடுகள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை அதில் கொட்ட வேண்டும், இல்லாதவர்கள் அள்ளிக்கொள்ளலாம். நல்ல காரியம்தான். ஆனால் தமிழ் வீடுகளில் புழுங்கலரிசி, தெலுங்கு வீடுகளில் பச்சரிசி, நடுவில் ரேஷன் அரிசி. எல்லாம் ஒரே டிரம்மில் விழுந்தால் எப்படி வேகும்? நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிற இத்தனை பெண்களில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லை, என்னையும் சேர்த்து.

சோறு கெட்டதுகூடப் பெரிதில்லை. பள்ளியில் அள்ளிப்போன வீட்டுப் பிள்ளைகள் டப்பாவைத் திறந்ததும் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது, இது டிரம் சோறு என்று. எதிர் வீட்டுக்காரி, பட்டறைத் தொழிலாளியின் மனைவி, வருவதை நிறுத்திவிட்டாள். நானும் ஓரகத்தியும் போய்க் கேட்டோம்.

“நக்கோக்கா, வேணாம். பசங்க டப்பாவத் தொறக்காமயே திரும்பக் கொண்டாருதுங்க. பட்டினி கெடந்தாலும் கெடக்குமாம், இத மட்டும் தின்னாதாம்” என்றாள். கடைக்குட்டிக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

ரகம் ரகமாகப் பிரித்து வைக்கலாம் என்றேன். ஓரகத்தி ஒப்பவில்லை. “பிரிச்சு வச்சா நாளைக்கு வேற எதையாவது வச்சுக் கண்டுபுடிப்பாங்க. எல்லாரும் இதையே தின்னா, யாரு யாரக் கைகாட்டுறது?”

அடுத்த ஞாயிறு முதல் சம்பளம் வருகிற வீடுகளின் அரிசியெல்லாம் டிரம்முக்குப் போனது. மூடிய தூக்கோடு ஒவ்வொருவராகப் பின்னறைக்குள் போவோம். கொண்டுபோனதைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் குறைத்து அள்ளிக்கொண்டு வருவோம். வெறும் தூக்கோடு போகிறவர்களும் அதே வாசலில் அதே மாதிரி மூடிய தூக்கோடு வருவார்கள். என் கணவர், “இது சோறா, ஜல்லியா?” என்று தட்டைத் தள்ளினார். “நாளைக்கு நீங்களே உலை வச்சுப் பாருங்க” என்றேன். அதற்குப் பிறகு சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தார்.

எதிர் வீட்டுக்காரி அந்த வாரம் வரவில்லை. மறு வாரம் அவள் பையன்களே தூக்கை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பிள்ளைகளின் டப்பாவிலும் அதே சோற்றைப் பார்த்திருக்கிறார்கள். ஓரகத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேர்க்கிறது என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அவள் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. என் மகளுக்கு மாதாப்பூரில் வேலை. அவள் அலுவலகத்தில் ஏழைகளுக்கு மளிகைப் பை கொடுத்தார்களாம். செல்போனில் படம் காட்டினாள். நல்ல அரிசி, ஒரே ரகம். வரிசையில் நின்ற ஒரு பெண் பையைத் தூக்கி முகத்தை மறைத்திருந்தாள்.

“உங்க டைம்ல எத்தனை ஃபேமிலிக்கும்மா குடுத்தீங்க?” என்றாள் மகள்.

யோசித்தேன். அந்த எதிர் வீட்டைத் தவிர, யார் கொட்டினார்கள், யார் வெறுமனே வந்தார்கள் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

“தெரியாதுடி. எல்லாரும்தானே சாப்பிட்டோம்.”